யாருக்காகத் தானியத்தை விலக்குகிறோம்?

பாதாம் மாவு தீர்ந்துபோனால் அதே எடைக்கு முந்திரி மாவைப் போட்டுவிடுவது நம் தொழிலில் வழக்கமாகிவிட்டது. கேக் வெந்துவிடும், கொஞ்சம் இனிப்பாகவும் மென்மையாகவும்கூட இருக்கும். வாங்கிச் செல்பவர் சர்க்கரை நோயாளி என்றால் நிலைமை வேறு. 100 கிராம் பாதாமில் மாவுச்சத்து ஏறக்குறைய 22 கிராம்; அதில் 12 கிராம் நார். முந்திரியில் மாவுச்சத்து 30 கிராம், நாரோ 3 கிராம்தான். நாரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் முந்திரி மாவிலிருந்து இரண்டரை மடங்குக்கு மேல் மாவுச்சத்து உடலில் சேர்கிறது. பெயர்ப்பலகையில் இரண்டுமே ‘தானியமில்லாதது’.

பாதாமுக்கு நெருங்கிய கணக்கு நம் மல்லாட்டையிடம், அதாவது நிலக்கடலையிடம், இருக்கிறது. 100 கிராமில் மாவுச்சத்து 16, நார் 8, புரதம் 25 கிராம். கள்ளக்குறிச்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை மூட்டையாக வருகிற பயிர் இது. விருத்தாசலம், திண்டிவனம் ஆராய்ச்சி நிலையங்கள் பல ரகங்களை வெளியிட்டிருக்கின்றன. அப்படியிருந்தும் கலிபோர்னியாவிலிருந்து கப்பலேறி வரும் பாதாமைத்தான் நம் செய்முறைகள் நம்பியிருக்கின்றன. பேலியோ உணவுமுறை பரவியபோது, நிலக்கடலை பருப்பினம் என்பதால் விலக்கப்பட்டது. அந்த விலக்கு எல்லாருக்குமான விதிபோல் பேக்கரிக்குள்ளும் வந்துவிட்டது. மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று மட்டும் மருத்துவர் சொல்லி அனுப்பியவருக்கு அது பொருந்தாது.

மல்லாட்டை மாவுக்குத் தனிப் பக்குவம் உண்டு. பச்சையாக அரைத்தால் பயறு வாடை அடிக்கும். கருக வறுத்தால் கேக் முழுவதும் கடலைமிட்டாய் மணம்தான். இளம் வறுவலாக எடுத்து, தோல் நீக்கி, முழுவதும் ஆறிய பிறகு மிக்ஸியில் விட்டுவிட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் சூட்டில் எண்ணெய் கசிந்து விழுதாகிவிடும். பாதி எடை எண்ணெயாக இருக்கும் மாவு இது. வெண்ணெயின் அளவைக் குறைக்காவிட்டால் பிஸ்கட் தட்டில் பரந்து ஓடும். குளூட்டன் இல்லாத குறையை முட்டையும் சிறிது இசப்கோலும் ஈடுகட்டும். கொட்டை மாவு சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால் 160 டிகிரியில் நின்று வேகட்டும். தேங்காய் மாவு இதற்கு நேரெதிர்: ஈரத்தை அத்தனையும் உறிஞ்சிக்கொள்ளும், கால் பங்குக்கு மேல் போட்டால் கேக் உதிரும்.

செக்கில் எண்ணெய் எடுத்த பிண்ணாக்கை மலிவான மாவாகப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. மாட்டுத் தீவனத்துக்கென்று ஆட்டியதைத் தொடாதீர்கள். பூஞ்சை பிடித்த பருப்பிலுள்ள அஃப்ளாடாக்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில்தான் தங்குகிறது; நம் ஓவன் சூடு அதை அழிக்காது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டதும் கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தால்தான். அந்த நச்சைக் கண்டறிந்ததே அந்தச் சாவுகளுக்குக் காரணம் தேடியபோது. சுருங்கியது, நிறம் மாறியது, பூத்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறிந்த பருப்பை மட்டும் அரையுங்கள்.

அடுத்தது மரவள்ளி. சின்னசேலம் பக்கத்து ஆலைகளின் ஸ்டார்ச் கொட்டை மாவைப் பிணைக்க அருமையாக உதவுகிறது, தானியமும் அல்ல. ஆனால் அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. மூன்றில் ஒரு பங்கு மரவள்ளி மாவு சேர்த்த ரொட்டியைச் சர்க்கரை நோயாளிக்குப் பரிந்துரைத்து விற்பது தவறு என்றே இந்த இதழ் கருதுகிறது.

சீலியாக் நோயாளிக்கோ மரவள்ளியால் கெடுதல் இல்லை. அவருக்கு ஆகாதது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன்தான். கல்வராயன் மலையில் விளையும் சாமையிலும் தினையிலும் கேழ்வரகிலும் அது கிடையாது. மலை மக்கள் தலைமுறைகளாகச் சாப்பிட்டுவரும் சாமையை ‘தானியம்’ என்ற ஒரே காரணத்துக்காக அவர் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, பல மடங்கு விலையில் பாதாம் ரொட்டியை வைப்பது அநியாயம். கவனம் வேண்டியது அரவை மில்லில். கோதுமை அரைத்த கல்லிலேயே சாமையையும் அரைத்தால், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன் என்ற சட்ட வரம்பு எளிதில் மீறப்படும். கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து சாமையை அரிசியாக வாங்கித் தனி இயந்திரத்தில் அரைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மாவை மாற்றுவது உயிர் சம்பந்தப்பட்டது. முந்திரி ஆகாதவர்களில் பலருக்குப் பிஸ்தாவும் ஆகாது. நிலக்கடலை, மரக்கொட்டைகள் இரண்டையும் உறையில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பாதாமுக்குப் பதில் கடலை போட்ட அன்றே உறையும் மாறியாக வேண்டும். கொட்டையே ஆகாதவருக்குச் சூரியகாந்தி விதை மாவு கைகொடுக்கும். சோடா உப்பு பட்டால் பச்சை நிறம் ஏறும். சிறிது எலுமிச்சைச் சாறு அதைத் தணிக்கும்.

வாசகர்களான பேக்கரி நண்பர்களும் உணவியலாளர்களும் இனி தங்கள் உறைகளில் எந்தக் கொட்டை எத்தனை சதவீதம், ஸ்டார்ச் எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும். மல்லாட்டை மாவில் உங்களுக்குச் சரியாக வந்த செய்முறைகளைக் கப் அளவில் எழுதாமல் கிராம் கணக்கில் எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.