உயரமும் உயர்வும்



தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் பெற்றோர்கள் பலவிதமான கேள்விகளோடு வருவார்கள். கணிதத்தில் ஏன் புள்ளி குறைந்தது, கட்டுரைக்கு எந்த நூல் வாங்கலாம், வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிறானா என்பன வழக்கமானவை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் அறிக்கையைப் பார்த்துக் கையொப்பமிட்டுவிட்டு, எழுந்து செல்லும் வேளையில் தயங்கி நின்று கேட்டார்:

"சார், தப்பா நினைக்காதீங்க. என் மகன் குள்ளமா இருக்கிறதாலதான் அவனை மாணவர் தலைவரா எடுக்கலையா?"

"அப்படியெல்லாம் இல்லையம்மா" என்று உடனே சொல்லிவிட்டேன். அவரும் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால், நான் சொன்னது உண்மைதானா என்ற ஐயம் அன்று மாலை வரை என்னை விடவில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவர்களிலிருந்து அடுத்த தலைவர்களைத் தேர்ந்தெடுத்த குழுவில் நானும் ஒருவன். அந்த மாணவனின் பெயர் வந்தபோது, "நல்ல பையன்தான், ஆனால் ஆறாம் ஆண்டுப் பையன்கள் இவன் சொன்னால் கேட்பார்களா?" என்று ஒருவர் கேட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. உயரம் என்ற சொல்லை அந்த அறையில் எவரும் உச்சரிக்கவில்லை. உச்சரிக்காமலேயே முடிவு எடுக்கப்பட்டது.

உயரமானவர்கள் வாழ்க்கையில் முன்னேறுகிறார்களா என்ற கேள்வியைப் பலரும் வேடிக்கையாகவே பேசுகிறோம். ஆய்வாளர்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. 2004ஆம் ஆண்டில் திமத்தி ஜட்ஜ், டேனியல் கேபிள் என்னும் இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. உயரத்துக்கும் ஊதியத்துக்கும் தொடர்பு உண்டு என்றும், ஓர் அங்குல உயரம் கூடினால் ஆண்டு ஊதியத்தில் ஏறத்தாழ 789 அமெரிக்க டாலர் கூடுகிறது என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். இது சராசரிக் கணக்கு என்பதை மறக்கக்கூடாது. உயரமானவர் ஒவ்வொருவரும் செல்வர் என்பதோ, குள்ளமானவர் ஒவ்வொருவரும் பின்தங்கியவர் என்பதோ இதன் பொருளன்று.

பெற்றோர்கள் இதைப் படித்தால் கவலைப்படுவார்கள். ஆனால், அதே 2004ஆம் ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வே ஆசிரியனாகிய என்னைக் கவலைப்பட வைத்தது. நிக்கோலா பெர்சிக்கோ, ஆண்ட்ரூ போஸ்டல்வேட், டான் சில்வர்மன் ஆகிய மூவரும் அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளைச் சேர்ந்த வெள்ளையின ஆண்களின் தரவுகளை ஆராய்ந்தார்கள். வேலைக்குச் செல்லும் வயதில் ஒருவர் எவ்வளவு உயரமாக இருக்கிறார் என்பதைவிட, 16 வயதில் எவ்வளவு உயரமாக இருந்தார் என்பதே அவருடைய ஊதியத்தோடு தொடர்புடையதாக இருந்தது. இன்று ஒரே உயரத்தில் நிற்கும் இருவரில், 16 வயதிலேயே வளர்ந்துவிட்டவர் கூடுதலாகச் சம்பாதிக்கிறார். அப்போது குள்ளமாக இருந்து, பிறகு அவருக்குச் சமமாக வளர்ந்தவருக்கு அந்த நன்மை பெரும்பாலும் கிட்டவில்லை.

ஏன் இப்படி? முதலாளி அளவுநாடா வைத்துக்கொண்டு சம்பளம் கொடுக்கிறார் என்றால், இருவருக்கும் ஒரே சம்பளம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. அப்படியானால் வேறுபாடு அலுவலகத்தில் தொடங்கவில்லை, அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. விளையாட்டுக் குழுக்களிலும் கழகங்களிலும் பங்கேற்றதை அந்த ஆய்வாளர்கள் ஒரு முக்கியக் காரணமாகக் காட்டுகிறார்கள். உயரமான சிறுவன் அவற்றில் கூடுதலாகப் பங்கேற்கிறான். அங்கே பலரோடு பழகுகிறான், பொறுப்பேற்கிறான், தோற்கிறான், மீண்டும் எழுகிறான். அந்தப் பழக்கம் பிற்காலத்தில் ஊதியமாக மாறுகிறது. விளையாட்டுக் குழுவும் கழகமும் எங்கே இருக்கின்றன? பள்ளியில்! அவற்றுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதுபவர் யார்? நாம்தான்!

அவர்கள் ஆராய்ந்தது இடைநிலைப்பள்ளி வயது. நம் தொடக்கப்பள்ளியில் நிலைமை இன்னும் விந்தையானது. நம் நாட்டில் சனவரி முதல் திசம்பர் வரை பிறந்த பிள்ளைகளே பொதுவாக ஒரே வகுப்பில் சேர்கிறார்கள். சனவரி முதல் வாரத்தில் பிறந்த பிள்ளையும் திசம்பர் கடைசி வாரத்தில் பிறந்த பிள்ளையும் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். இருவருக்குமிடையே ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு. இந்த வயதில் ஒரு பிள்ளை ஆண்டுக்குச் சராசரியாக 5 அல்லது 6 செ.மீ. வளர்கிறது. ஆகவே, நாம் "வளர்த்தி" என்று வியக்கும் 5 செ.மீ. பல வேளைகளில் வெறும் பிறந்தநாள்தான். இதோடு பூப்புப் பருவ வளர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. பெண்பிள்ளைகளுக்கு அது ஆண்பிள்ளைகளைவிடச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் முன்னதாகத் தொடங்குகிறது. ஆண்பிள்ளைகளுக்குள்ளும் ஒருவனுக்கு 11 வயதிலும் மற்றொருவனுக்கு 14 வயதிலும் தொடங்கலாம். ஐந்தாம் ஆண்டில் குள்ளமாக நிற்பவன் ஐந்தாம் படிவத்தில் எப்படி நிற்பான் என்று நம்மில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

1985ஆம் ஆண்டிலேயே ரோஜர் பார்ன்ஸ்லி என்னும் ஆய்வாளர், கனடாவின் பனிவளைகோற்பந்து ஆட்டக்காரர்களில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தோர் மிகுந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். சிறுவயதில் சற்று மூத்தவனைத் திறமைசாலி என்று தேர்ந்தெடுக்கிறார்கள். அவனுக்கு நல்ல பயிற்சியும் கூடுதல் ஆட்டங்களும் கிடைக்கின்றன. சில ஆண்டுகளில் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான். தேர்ந்தெடுத்தவர்கள், "பார்த்தீர்களா, எங்கள் கணிப்பு சரியாக இருந்தது!" என்று மகிழ்கிறார்கள். 2008ஆம் ஆண்டில் எலிசபெத் டூயி, ஸ்டீபன் லிப்ஸ்கம் இருவரும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து, ஒரே வகுப்பில் வயதில் மூத்த மாணவர்கள் விளையாட்டுக் குழுத் தலைவராகவோ கழகத் தலைவராகவோ ஆகும் வாய்ப்பு 4 முதல் 11 விழுக்காடு வரை கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள்.

இதைப் படித்தபின் எங்கள் மாணவர் தலைவர் பட்டியலை எடுத்து, பெயர்களுக்குப் பக்கத்தில் பிறந்த மாதங்களை எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்டவை ஆண்டின் முதல் சில மாதங்கள். ஒரு சிறிய பள்ளியின் ஒரே பட்டியல் எதையும் மெய்ப்பித்துவிடாது என்பதை அறிவேன். ஆயினும், அந்தத் தாயாரின் மகன் திசம்பரில் பிறந்தவன் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

நம் பள்ளிகளில் உயரத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதையைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடுதலை நாள் அணிவகுப்பில் கொடி பிடிப்பவன் யார்? சிறப்பு விருந்தினருக்கு மாலை அணிவிக்க அழைக்கப்படுபவள் யார்? செந்தமிழ் விழா நாடகத்தில் அரசன் வேடம் யாருக்கு? குள்ளமான பிள்ளைக்கு எப்போதும் முயல் வேடமோ கோமாளி வேடமோதான். அவையினர் சிரிக்கிறார்கள், நாமும் அவன் நன்றாக நடித்தான் என்று தட்டிக் கொடுக்கிறோம். ஆறு ஆண்டுகள் சிரிக்க வைத்த பிள்ளை, தன் பேச்சைப் பிறர் சிரிக்காமல் கேட்பார்கள் என்று எப்படி நம்புவான்?

உயரமான பிள்ளைக்கும் இதில் நியாயம் கிடைப்பதில்லை. மூன்றாம் ஆண்டிலேயே ஐந்தாம் ஆண்டு மாணவனைப் போல் வளர்ந்துவிட்ட பிள்ளையை, "இவ்வளவு பெரியவனாக வளர்ந்தும் அழலாமா?" என்று எத்தனை முறை கடிந்திருக்கிறோம்! அவனுக்கும் வயது ஒன்பதுதான்.

இவ்விடத்தில் சிலர் ஆறுதலாக எடுத்துக்காட்டுகளை அடுக்குவார்கள். அகத்தியர் குறுமுனி அல்லவா, லால் பகதூர் சாஸ்திரி உயரமானவரா, அறிஞர் அண்ணாவின் உருவம் என்ன என்று கேட்பார்கள். வள்ளுவப் பெருந்தகையும் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில், உருவத்தைக் கண்டு இகழாதீர்கள் என்பதற்குத் தேரின் அச்சாணியை உவமையாகக் காட்டியிருக்கிறார். இவையெல்லாம் உண்மையே. நானும் வகுப்பில் சொல்வதுண்டு. ஆனால், தடையைத் தாண்டியவர் சிலரைக் காட்டி, தடையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாமனன் கதையைக்கூட எண்ணிப் பாருங்கள். அந்தக் குள்ள உருவம் வெற்றி பெற்றது, விண்ணளவு வளர்ந்து காட்டிய பிறகுதான். பிள்ளைகள் இதையும் கவனிக்கிறார்கள். மேலும், "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்ற பழமொழியைப் பொருளறியாமல் வகுப்பறையில் உதிர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அச்சாணிக் குறளைச் சுவரில் எழுதிவிட்டு, இப்பழமொழியை வாயால் சொல்வதில் பயனில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். பிள்ளையின் உயரம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவது. உயரமாக்கும் என்று விளம்பரப்படுத்தும் மாவுக்கும் மாத்திரைக்கும் பணத்தைக் கொட்டாதீர்கள். ஆனால், போதிய சத்துணவு இல்லாமல் வளர்ச்சி குன்றுவது முற்றிலும் வேறு செய்தி. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். ஐந்தில் ஒரு குழந்தைக்கும் மேல்! அன்னி கேஸ், கிறிஸ்டினா பாக்சன் ஆகியோர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உயரமும் அறிவாற்றலும் மூன்று வயதிலேயே தொடர்புற்றிருப்பதைக் கண்டு, இளமை ஊட்டத்தை அதன் வேராகக் கருதினார்கள். கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது வரையிலான உணவே இங்கு முதன்மையானது. முட்டை, மீன், பருப்பு, கீரை, பால் ஆகியவற்றில் உள்ளது எந்த விளம்பர மாவிலும் கூடுதலாக இல்லை. பிள்ளையின் வளர்ச்சி ஓராண்டாக நின்றுவிட்டது போல் தோன்றினால் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள்.

காவல் துறை, இராணுவம் போன்ற சில பணிகள் குறைந்தபட்ச உயரம் கேட்கத்தான் செய்யும். அவற்றை நம்மால் மாற்ற இயலாது. ஆனால், சபைகூடலை நடத்துவதற்கோ, நூலகத்தைப் பொறுப்பேற்பதற்கோ, சாரணர் குழுவை வழிநடத்துவதற்கோ எந்தச் சுற்றறிக்கையும் உயரம் கேட்கவில்லை. அங்கே கேட்பவர்கள் நாம் மட்டுமே.

மறு ஆண்டு ஆசிரியர் கூட்டத்தில் ஒரு சிறு மாற்றத்தை முன்வைத்தேன். பெயர் வாசிக்கும் முன், ஒவ்வொரு மாணவனும் இதுவரை செய்த பணிகளை மட்டும் எழுதிய தாளைக் குழுவினர் படிக்க வேண்டும். பிறந்த மாதமும் அதில் இருக்க வேண்டும். அத்துடன், சில பொறுப்புகள் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கைமாற வேண்டும். சில ஆசிரியர்கள் இதை வீண்வேலை என்றார்கள். தலைமையாசிரியர், "செய்து பார்ப்போம்" என்றார்.

அந்த மாணவனுக்கு ஆறாம் ஆண்டில் மூன்று வாரங்கள் கிடைத்தன. முதல் வாரம் அவனுடைய குரல் திடலின் பின்வரிசைக்கு எட்டவில்லை. சிலர் சிரித்தார்கள். எனக்கே நம்பிக்கை தளர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் வாரத்தில் அவன் ஒரு சிறு குறிப்பேட்டோடு வந்தான். தாமதமாக வருபவர்களின் பெயரோடு காரணத்தையும் எழுதி வைத்திருந்தான். பள்ளிப் பேருந்து தாமதமாவதால் சிக்கிக்கொண்ட நான்கு பிள்ளைகளின் பெயரைத் தண்டனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா சார் என்று கேட்டான். அதுவரை எந்த மாணவர் தலைவனும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மூன்றாம் வாரம் சிரிப்பு நின்றிருந்தது.

அவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு உரியதாக இருந்த ஓராண்டை நாங்கள் மூன்று வாரங்களாகச் சுருக்கிக் கொடுத்தோம் என்பது மட்டும் தெரியும். அவனுடைய தாயாரிடம் அன்று நான் சொன்ன பதில் உண்மையன்று. அதற்கான மறுமொழியாகவே இதை எழுதுகிறேன்.

அடுத்த ஆண்டுக்கான தலைவர்களைத் தேர்ந்தெடுக்க அமரும் ஆசிரிய நண்பர்களே, யாருடைய பெயரைக் கேட்டதும் அறையில் அமைதி நிலவுகிறதோ, அந்தப் பெயரை ஒருமுறை மீண்டும் வாசியுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்