நட்பு என்னும் மூடுதிரை

ஆணும் பெண்ணும் நேசித்தால் காதல். இரு பெண்கள் நேசித்தால் நட்பு. இப்படிப் பெயர் சூட்டுவது விமர்சனம் அன்று, வெறும் பழக்கதோஷம். அப்பழக்கத்திற்கு இரையான நாவல்களுள் ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஃபேனி ஃப்ளாக் 1987இல் வெளியிட்ட ‘ஃப்ரைட் கிரீன் டொமேட்டோஸ் அட் த விசில் ஸ்டாப் கஃபே’. பலரும் இதை 1991இல் ஜான் ஆவ்னெட் இயக்கிய திரைப்படத்தின் வழியாகவே அறிந்தார்கள். ‘இரு தோழியரின் கதை’ என்ற முத்திரையும் அவ்வழியே ஒட்டிக்கொண்டது. அம்முத்திரையை நாம் மறுக்கிறோம்.

நாவல் சொல்வதைப் பார்ப்போம். அலபாமா மாநிலத்தில் இருப்புப்பாதையை ஒட்டிய சிற்றூர் விசில் ஸ்டாப். கோடையில் விருந்தினளாக வந்து தங்கும் ரூத்தின்மேல் இட்ஜி என்னும் இளம்பெண் மையல் கொள்கிறாள். மற்றப் பிள்ளைகள் அதைக் கேலி செய்யாதபடி தாய் அடக்கிவைக்கிறாள். தோழியாகப் பழகிய ரூத்தோ தன் மனத்தைத் தாமதமாகவே உணர்கிறாள். இட்ஜி அவளுக்காகத் தேனீக்கள் மொய்க்கும் மரப்பொந்தில் கைவிட்டுத் தேன் எடுத்துத் தரும் நாளில்தான் அது அவளுக்குப் புலனாகிறது. பின்னர் ரூத் வேறொருவனை மணந்து அடியும் உதையும் படுகிறாள். இட்ஜி அவளை மீட்டு வருகிறாள். அப்போது தந்தை செய்வதைக் கவனிக்க வேண்டும். ரூத்துக்கும் அவள் குழந்தைக்கும் இனி நீதான் பொறுப்பு என்று மகளிடம் சொல்லி, தொழில் தொடங்க 500 டாலர் கொடுக்கிறார். அந்த முதலில் எழுந்ததே உணவகம். மணமான மகனுக்குத் தந்தை செய்வதை இவர் மகளுக்குச் செய்கிறார். ஒரு நாவல் இதைவிடத் தெளிவாக என்ன சொல்ல முடியும்?

திரைப்படம் இவ்விடத்தில் பின்வாங்குகிறது. சமையலறையில் இருவரும் உணவுப்பொருள்களை ஒருவர்மேல் ஒருவர் எறிந்தும் பூசியும் விளையாடும் காட்சியைக் காதற்காட்சிக்கு ஈடாக அமைத்ததாக இயக்குநர் பிற்பாடு சொன்னார். மூலம் கையில் இருக்கும்போது ஈடு எதற்கு?

அக்காலம் அப்படி என்பர் சிலர். கதையின் காலம் 1920களும் 1930களும் என்பது மெய்யே. ஆனால் அக்காலத்துச் சிற்றூர் அவ்விருவரையும் ஏற்றுக்கொண்டதாகவே நாவல் காட்டுகிறது. கூச்சம் 1991க்கு உரியது.

நட்பு காதலினும் உயர்ந்ததன்றோ என்பர் வேறு சிலர். உயர்வு தாழ்வு இங்கே கேள்வியே அன்று. நட்பு காதலாக முதிர்வதே இக்கதையின் பாதை. பாதி வழியில் வாசகனை இறக்கிவிட்டு, ஊர் வந்துவிட்டது என்று சொல்வது நேர்மையாகாது.

நாவலைக் குறையற்றது என்று போற்றவும் நாம் முன்வரவில்லை. அவ்வுணவகத்தின் புகழ் சிப்சி, ஆன்செல், பிக் ஜார்ஜ் ஆகிய கறுப்பினத்தவரின் கைத்திறனில் நிற்கிறது. அவர்களது இனத்தவர்க்கோ உணவு பின்வாசலில்தான். இட்ஜி மிரட்டலை மீறி அங்கு விற்கிறாள் என்றாலும் முன்வாசல் திறப்பதில்லை. இரு பெண்களின் இல்லறத்தை ஏற்ற ஊர் இதை ஏற்கவில்லை. இம்முரணை எண்ணிப் பார்க்கவும் முதலில் அவர்கள் உறவை இல்லறம் என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். தோழியர் என்று சொல்லிவிட்டால் அந்த விவாதத்திற்கே இடமில்லை.

நாம் வைக்கும் சோதனை எளியது. இட்ஜியின் இடத்தில் ஓர் ஆணை வையுங்கள். சேர்ந்து கடை நடத்தி, சேர்ந்து பிள்ளை வளர்த்து, சாவு பிரிக்கும்வரை ஒரே வீட்டில் வாழ்ந்த அவ்விருவரை நண்பர்கள் என்று எந்த விமர்சகர் எழுதுவார்? மறுப்பவர்கள் திரைப்படத்தைக் கொண்டு அன்று, நாவலைக் கொண்டு மறுக்கட்டும்.