கடைசியாகச் சேமித்தவர் சொன்னதே கணக்கா?

ஒரு அரிசி மண்டியில் பொன்னி 10 மூட்டை இருப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணக்கர் 3 மூட்டை விற்றுவிட்டு, திரையில் உள்ள கட்டத்தில் 10-ஐ அழித்து 7 என்று தட்டுகிறார். அடுத்த மேசைக்காரர் 2 மூட்டை விற்கிறார். அவருடைய திரையில் இன்னும் 10 என்றே இருப்பதால் 8 என்று தட்டிச் சேமிக்கிறார். கிடங்கில் இருப்பது 5 மூட்டை, கணினியில் 8. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

இதில் கணக்கர்கள் மேல் குற்றமில்லை. சேமிக்கும்போது மென்பொருள் தரவுத்தளத்துக்கு ஒரு ‘அப்டேட்’ கட்டளை அனுப்புகிறது. எதை மாற்றுவது, அட்டவணையின் எந்த வரிசையில் (row), என்ன நிபந்தனையின் பேரில் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பல சமயம் அதை எழுதுவது நிரலாளர் அல்ல, அவர் பயன்படுத்தும் கருவி.

கருவிகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. மைக்ரோசாஃப்டின் டாட் நெட்டில் உள்ள ‘கமாண்ட் பில்டர்’, தரவைப் படித்தபோது இருந்த மதிப்புகள் அப்படியே இருந்தால்தான் மாற்ற அனுமதிக்கும். இணையப் பக்கங்களுக்கென 2005-இல் வந்த ‘எஸ்க்யூஎல் டேட்டா சோர்ஸ்’ நேர் எதிர். நிரலாளர் வேறுவிதமாகச் சொல்லாதவரை எதையும் ஒப்பிடாமல் மேலே எழுதிவிடும். ஒரே நிறுவனம், இரண்டு நியாயம்! இத்தனைக்கும் 1990-களில் புகழ்பெற்றிருந்த பவர்பில்டர் என்ற கருவியிலேயே இதற்கு மூன்று தேர்வுகள் இருந்தன: வரிசையின் அடையாள எண்ணை மட்டும் பார்ப்பது, அதோடு மாற்றத்தக்க எல்லாக் கட்டங்களையும் பார்ப்பது, அல்லது மாற்றிய கட்டங்களை மட்டும் சேர்த்துப் பார்ப்பது.

கண்டிப்பான கருவியே மேல் என்றும் சொல்லிவிட முடியாது. ஒருவர் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைத் திருத்துகிறார், இன்னொருவர் அதே வாடிக்கையாளரின் முகவரியைத் திருத்துகிறார். இரண்டுக்கும் மோதலே இல்லை. ஆனாலும் எல்லாக் கட்டங்களையும் ஒப்பிடும் கட்டளை இரண்டாமவரைத் தடுத்துவிடும். எதிர்பார்த்த ஒரு வரிசைக்குப் பதில் பூஜ்ய வரிசைதான் மாறியது என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். அதைப் படித்து என்ன செய்வார் பாவம்?

ஆகவே கட்டளையை வேலைக்கு ஏற்ப எழுத வேண்டியிருக்கிறது. முகவரிக்கு, திருத்திய கட்டத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும். மூட்டைக்கு ‘7 என்று எழுது’ என்பதே தவறு. ‘இருப்பு 3-க்குக் குறையாமல் இருந்தால் அதிலிருந்து 3-ஐக் கழி’ என்று எழுதியிருந்தால் மண்டிக் கணக்கு 5-இல் வந்து நின்றிருக்கும். எந்த மாற்றத்தையும் தவறவிடக் கூடாத சம்பளம் போன்றவற்றுக்கு, எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில் உள்ள ‘ரோ வெர்ஷன்’ பொருத்தம். வரிசையில் எது மாறினாலும் மாறும் 8 பைட் எண் அது. அந்த ஒன்றை ஒப்பிட்டாலே போதும்.

எந்தக் கணக்குக்கு எந்த விதி என்பது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு. அதைக் கருவியின் இயல்பு அமைப்பு எடுக்கும்படி விட்டுவைப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான். மென்பொருள் வாங்குபவர்கள் செயல்விளக்கத்தின்போதே, இரண்டு கணினிகளில் ஒரே வரிசையைத் திறந்து வெவ்வேறு மதிப்புகளைச் சேமித்துப் பார்க்கலாம். இரண்டாவது கணினி சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டால் பணம் கொடுப்பதை ஒத்திப்போடலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைத் தமிழில் காட்டி, எந்த மதிப்பை வைத்துக்கொள்வது என்று அது கேட்டால் மேற்கொண்டு பேசலாம்.