ஒட்டுப் போட்டது போதும்!

மே தினத்தன்று கொடியேற்றும் தோழர்களுக்குச் சிகாகோ அயலூர் அல்ல. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886இல் பாட்டாளிகள் கிளர்ந்தெழுந்த நகரம். குருதி சிந்திய நகரம். நேரத்தை மீட்கத் தூக்குமேடை ஏறினார்கள் அங்கே. பிற்காலத்தில் அதே நகரத்தில், மீட்ட நேரத்தைப் பறிக்க ஒரு சாலை வந்தது!

டான் ரையன் விரைவுச்சாலை என்பது அதன் பெயர். 1961-62இல் திறந்தார்கள். சில இடங்களில் 14 தடங்கள். நாற்பது ஆண்டு கழிந்தபோது நாளொன்றுக்கு 3 லட்சம் வண்டிகள் அதன் முதுகில் ஏறின. கட்டியவர்கள் போட்ட கணக்கைப் போல் இரு மடங்கு! அவற்றில் பாரம் ஏற்றிய லாரிகள் எத்தனை, எத்தனை! அச்சின் பாரம் இரு மடங்கானால் சாலைக்குச் சேதமும் இரு மடங்குதானே என்பீர்கள். இல்லை, ஏறத்தாழ 16 மடங்கு. நாம் கட்டிய கதையல்ல இது. அதே இல்லினாய் மாநிலத்தில், 1958 முதல் 1960 வரை இரவும் பகலும் லாரிகளை ஓட்டி, சாலைகளை உடைத்துப் பார்த்துக் கண்ட பாடம்.

போதாக்குறைக்குப் பனி. விரிசலில் இறங்கிய நீர் உறைந்து பருக்கும், பருத்துப் பிளக்கும், உருகியதும் பள்ளம். பள்ளத்தில் தார் ஊற்று, ஒட்டுப் போடு. அடுத்த ஆண்டு? மீண்டும் ஒட்டு! எந்த நாடானாலும் ஒட்டுப் போடுவது காண்ட்ராக்டருக்கு ஆண்டு தவறாத அறுவடை. விலை கொடுப்பவன், வண்டி நகராமல் விழிபிதுங்கி நிற்கும் உழைப்பாளி.

2006இலும் 2007இலும் அந்தச் சாலையை அடியோடு பெயர்த்துக் கான்கிரீட்டில் கட்டினார்கள். எப்படிப்பட்ட கான்கிரீட்? சாதாரணக் கான்கிரீட் சாலையில் பாளத்துக்குப் பாளம் மூட்டு உண்டு. மூட்டிலே நீர் இறங்கும், அடிமண் கரையும், லாரி ஏறும்போதெல்லாம் பாளம் ஆடும், பிறகு உடையும். இங்கே நீளவாக்கில் இடையறாது இரும்புக் கம்பி. இடையிடையே மூட்டே கிடையாது. மயிரிழை போல் விரிசல்கள் விழத்தான் செய்யும். அஞ்ச வேண்டியதில்லை. அவை வாய் பிளக்காதபடி கம்பி இறுகப் பற்றிக்கொள்ளும்.

தார் போட்டால் விரைவில் வண்டி விடலாம். கான்கிரீட் இறுகப் பொறுமை வேண்டும். அதனால் சாலை முழுவதையும் மூடவில்லை. ஓராண்டு நடுத்தடங்கள், மறு ஆண்டு ஓரத்தடங்கள் என்று பகுத்துக்கொண்டார்கள். நடுவே 1969 முதல் ஓடும் ரயில் மக்களைச் சுமந்தது. 2013இல் அந்த ரயில்பாதையையே ஐந்து மாதம் மூடிப் புதுப்பித்தபோது, பஸ்கள் சுமந்தன. ஒன்று படுத்தால் தாங்க இன்னொன்று இருந்தது. கார் இல்லாதவனையும் கணக்கில் சேர்த்தால்தான் இது நடக்கும்!

செலவு 97 கோடியே 50 லட்சம் டாலர். முதலில் சொன்னதைவிட மிக அதிகம். அம்மம்மா, இவ்வளவா என்று அலறினார்கள். எதைச் சேர்த்தார்கள் கணக்கில்? சிமெண்டைச் சேர்த்தார்கள், இரும்பைச் சேர்த்தார்கள். 3 லட்சம் வண்டிகளில் இருந்தோர் ஆண்டாண்டாக இழந்த நேரத்துக்கு எந்த ஏட்டில் பற்று எழுதினார்கள்? அந்தப் பற்றையும் எழுதுங்கள். பிறகு மலிவு எது என்று பேசுவோம்.

அதற்காகச் சந்து பொந்தெல்லாம் கான்கிரீட் கொட்டு என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஓடும் தெருவில், நாளை அதை உடைத்துத் தோண்டப் போவது யார் என்று கேட்டுக்கொண்டு கொட்டட்டும். லாரிப் படை செல்லும் பெருஞ்சாலையின் வழக்கு வேறு.

இன்னொரு வழக்கும் உண்டு. அந்தச் சாலைக்கு மேற்கே பிரிட்ஜ்போர்ட்: வெள்ளையர் குடியிருப்பு, அது போடப்பட்ட நாளில் மேயராக இருந்த ரிச்சர்ட் டேலியின் வீடும் அங்கேதான். கிழக்கே கறுப்பின மக்கள். 1962இல் முடிந்த ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ், 16 மாடியில் 28 கட்டிடங்கள், சாலையோரம் வரிசையாக நின்றன. இடையே மதில் எழுப்பவில்லை. தேவையும் இல்லை, 14 தடம் போதாதா! அந்தக் கட்டிடங்களில் கடைசியானதையும் 2007இல் இடித்துத் தள்ளினார்கள். சாலை புதுப்பிறவி எடுத்த அதே ஆண்டில்! சாலை புதிதாயிற்று, புகையையும் இரைச்சலையும் நாற்பதாண்டு சுமந்தவர்கள் அதைப் பார்க்க அங்கே இல்லை. இப்படிப்பட்ட சாலையை எங்கே கட்டினாலும், கம்பி கட்டும் வேலையும் கலவை போடும் வேலையும் ஓரத்தில் குடியிருப்பவனுக்கே முதலில் என்று ஒப்பந்தத்திலேயே எழுது என்கிறோம்.

நடுவே ஓடும் ரயிலோ 95ஆம் தெருவோடு நின்றுவிடுகிறது. 130ஆம் தெரு வரை நீட்டுவோம் என்பது பல்லாண்டுப் பேச்சு. அதற்கப்பால் குடியிருக்கும் உழைப்பாளி இன்றும் பஸ் பிடித்துத்தான் 95ஆம் தெருவுக்கு வருகிறான்.