கடையடைப்பு நம்மவருக்கு மட்டும்தானா?

2020 ஜூன் மாதக் கடைசியில் நாம் கடைகளை அடைத்தோம். ஊரடங்கினால் ஏற்கெனவே மூன்று மாதமாக வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம் அது. இருந்தாலும், போனால் போகிறது ஒரு நாள் கல்லா என்று டவுன் ரத வீதிகளிலிருந்து கிராமத்துப் பெட்டிக்கடை வரை ஷட்டரை இறக்கினோம். சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த பென்னிக்ஸும், அவருடைய தந்தை ஜெயராஜும் போலீஸ் காவலில் அடிபட்டு அடுத்தடுத்து இறந்த செய்தியைக் கேட்டு வயிறு எரியாத வியாபாரி கிடையாது. 1986 வரை ஒரே ஜில்லாவாக இருந்தவர்கள் நாம். அங்கே பெண் கொடுத்தவர்கள், சரக்குப் போட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

குற்றம் என்ன? ஊரடங்கு நேரம் முடிந்தும் கடை திறந்திருந்தது என்பதுதான் சொல்லப்பட்டது. ஜூன் 19 மாலை கூட்டிப் போனார்கள். மறுநாள் ரிமாண்ட், கோவில்பட்டி கிளைச் சிறை. 22 இரவு மகன் இறந்தார், 23 அதிகாலையில் தந்தை. தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். நிலையத்துக் காமிராவோ அன்றன்றைய பதிவு அன்றன்றே அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தது. அங்கே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னார். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, அந்தப் போலீஸ் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் எடுக்கச் சொன்னது. அதற்கு முன் அப்படியொரு உத்தரவை நாம் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கடையடைப்பைப் பற்றி நமக்குள் இன்றும் இரண்டு பேச்சு இருக்கிறது. "நம் ஆள் இரண்டு பேர் செத்தார்கள், அடைத்தோம், அதோடு சரி. மற்ற போலீஸ் விவகாரமெல்லாம் சாதி விவகாரம், அரசியல் விவகாரம். அதில் தலையிட்டால் பாதி வாடிக்கை போய்விடும்" என்பது ஒரு கட்சி. போலீஸ் அடி எந்த முதுகில் விழுந்தாலும் அது கடைத்தெருவின் விவகாரம்தான் என்பது மற்றொன்று. நாம் இரண்டாவது கட்சி. முதல் கட்சியில் இருப்பவர்களும் நம் அண்ணாச்சிகள்தான். அவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1995 ஆகஸ்ட் 31 அன்று மணியாச்சி பக்கம் கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் நுழைந்தார்கள். தலித் மக்கள் வாழும் ஊர். வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்து வந்த குடும்பங்கள் அங்கே பல. கைகாலை ஊன்றி எழுந்து நின்ற அந்த வீடுகளில் புகுந்து சாமான்களை நொறுக்கினார்கள். அந்த ஆண்டிலிருந்து 1997 வரை தென் மாவட்டங்கள் எப்படி எரிந்தன என்பது நமக்குத் தெரியும். போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்கு எழுந்த எதிர்ப்பில் கலவரம் மூண்டு, கடைசியில் 1997இல் எல்லாக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. 'இரு பிரிவினர் மோதல்' என்று பத்திரிகைகள் எழுதின. நாமும் அப்படியே பேசிப் பழகிவிட்டோம். எந்தப் பிரிவு, யார் வீடு, யார் அடித்தது என்று கேட்காமல் இருப்பது நமக்கு வசதியாகவும் இருந்தது.

அடுத்து 1999 ஜூலை 23. மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடிக் கைதாகித் திருச்சிச் சிறையில் இருந்தார்கள். அவர்களை விடுதலை செய்யக் கோரி கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தது. தடியடி நடந்தது. ஓடியவர்கள் தாமிரபரணியில் இறங்கினார்கள். 17 பேர் பிணமாக எடுக்கப்பட்டார்கள். அதில் பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. நீரில் மூழ்கித்தான் செத்தார்கள், இல்லை அடிபட்டுத்தான் செத்தார்கள் என்று விசாரணைக் கமிஷன் வரை வாதம் நடந்தது. ஜூலை மாதத்தில் ஆற்றுக்குள் ஒரு குழந்தையோடு யார் தானாக இறங்குவார் என்ற கேள்வி நமக்கு அன்றே எழுந்திருக்க வேண்டும்.

எழவில்லை. "ஆத்துப் பக்கம் என்னமோ கலாட்டாவாம், ஷட்டரை இறக்கு" என்றோம். மறுநாள் கேட்டதெல்லாம் எப்போது திறக்கலாம், மதுரை லோடு வருமா என்பதுதான். அந்தத் தொழிலாளர்கள் நமக்கு முன்பின் தெரியாதவர்களா? மலையிலிருந்து இறங்கிவந்து கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் சாமான் வாங்கிப்போன குடும்பங்கள். நம் சிட்டையில் பெயர் இருந்தவர்கள். ஆண்டுதோறும் ஜூலை 23இல் ஆற்றில் பூத்தூவ வருகிறவர்களைப் பார்த்து இன்றைக்கு டிராபிக் ஜாம் என்று சலித்துக்கொள்கிறோம். 2024இல் கம்பெனி மலையில் வேலையை நிறுத்தியபிறகு அந்தக் குடும்பங்களுக்கு ஊரும் இல்லை என்றாகிவிட்டது.

"போலீஸ் கையைக் கட்டிப்போட்டால் நாளைக்குக் கலவரத்தில் கடையை யார் காப்பாற்றுவார்?" இதுதான் முதல் கட்சிக்காரர்களின் பலமான கேள்வி. இதற்குப் பதில் அமெரிக்காவில் இருக்கிறது. அதுவும் மளிகைக் கடைக்காரர்களிடமே இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் அடித்ததை ஒருவர் வீடியோ எடுத்தார். அதே மாதம், ஒரு பாட்டில் ஆரஞ்சு ஜூஸைத் திருடுகிறாள் என்று சந்தேகித்து லடாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுச் சிறுமியைக் கொரிய மளிகைக் கடைக்காரப் பெண் ஒருவர் சுட்டுக் கொன்றார். சிறுமியின் கையில் காசு இருந்தது. கடைக்காரருக்குச் சிறைத் தண்டனை கிடைக்கவில்லை. 1992 ஏப்ரல் 29 அன்று கிங் வழக்கில் போலீசாருக்கும் தண்டனை இல்லை என்று தீர்ப்பு வந்த அன்று மாலையே நகரம் பற்றியது. கொரியர்களின் கடைகள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் சேதம். அவர்கள் கூப்பிட்ட போலீஸ் வரவில்லை. துப்பாக்கியோடு கூரைமேல் ஏறி நின்று தங்கள் கடையைத் தாங்களே காத்தார்கள். இஷ்டத்துக்கு அடிக்கப் பழகிய போலீஸ், தேவைப்பட்ட நாளில் கடை வாசலுக்கு வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

2020 மே 25இல் மின்னியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் செத்ததும் இப்படித்தான். ஒரு மளிகைக் கடையில் கொடுத்த 20 டாலர் நோட்டு கள்ள நோட்டு என்று கடையிலிருந்து போன் போயிற்று. சாத்தான்குளத்துக்கு இருபத்தைந்து நாள் முன்பு. நோட்டுத் தகராறு நமக்கும் தினம் உண்டு. சில்லறைத் திருட்டு உண்டு, பாக்கித் தகராறு உண்டு. ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, "ரெண்டு தட்டு தட்டி அனுப்புங்க சார்" என்று நாம் சொன்னதே இல்லையா? நம் வட்டாரத்தில் ஒரு கடைக்காரர் அப்படிச் சொல்லித் தம் கடைப் பையனையே அனுப்பினார். பையன் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தபோது அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் சொன்ன வார்த்தை சொன்னதுதானே. 2023இல் அம்பாசமுத்திரம் பகுதி நிலையங்களில் விசாரணைக்குக் கொண்டுபோனவர்களின் பல்லைப் பிடுங்கியதாகப் புகார் எழுந்து, உதவிக் கண்காணிப்பாளர் ஒருவரே சஸ்பெண்ட் ஆனார். ரெண்டு தட்டு எங்கே போய் நிற்கும் என்று நாம் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுவோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கட்டும் கயிற்றைத் தடுக்கச் சொன்னது. அந்தக் கயிறு எங்கே விற்கிறது? நம் பேன்ஸி ஸ்டோரில், பெட்டிக்கடையில். ஒரு கயிற்றில் கிடைக்கிற லாபம் எவ்வளவு என்று நமக்கே தெரியும்.

சரி, செய்யக்கூடியது என்ன? 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது நமக்கு நேரடியாகப் பொருந்தும். கைது செய்யும்போது அங்கேயே ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ, அந்த வட்டாரத்து மதிப்புக்குரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்திலும் இது 36வது பிரிவாக இருக்கிறது. கடைத்தெருவில் மதிப்புக்குரியவர் யார்? இருபது முப்பது வருஷமாக ஒரே இடத்தில் கடை வைத்திருக்கும் நாம்தான். போலீசாரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. "சார், குறிப்பு எழுதியாச்சா? வீட்டுக்குச் சொல்லியாச்சா? டாக்டரிடம் காட்டியாச்சா?" என்று இரண்டு பேர் போய்க் கேட்டாலே நிலையத்துக்குள் காற்று மாறிவிடும். சாத்தான்குளத்தில் அன்று இரவு உறவினர்களும் வக்கீல்களும் வெளியே நின்றார்கள். ஊர்ச் சங்கமே திரண்டு வாசலில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அப்படிப் போவது கடை முதலாளிக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. நயினார்குளம் மார்க்கெட்டில் விடியற்காலம் மூட்டை இறக்குகிறவர், தள்ளுவண்டிக்காரர், நம் கடைப் பையன், எந்த ஊர், எந்தத் தெரு என்று பாராமல் கடைத்தெருவில் கைதாகும் எவருக்கும் போக வேண்டும். திருடியே இருந்தாலும் போக வேண்டும். திருட்டுக்குக் கோர்ட் இருக்கிறது. இதைச் சொன்னால் வாடிக்கை போகும் என்கிறார்கள். ஒரு பக்கத்துக்காக மட்டும் போனால்தான் போகும்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வைக்கிறோம். தெருவுக்கு இரண்டு பேர், இரவில் கூப்பிட்டாலும் எழுந்து வருகிறவர்களாக, பெயர் கொடுக்க வேண்டும். வக்கீல் செலவுக்குச் சந்தாவோடு மாதம் பத்து ரூபாய் கூட்டிக்கொள்ளலாம். ஒரு தெருவிலாவது மூட்டை சுமக்கிறவர் ஒருவர் பெயரும் அந்த இரண்டில் இருக்க வேண்டும் என்பது நம் விருப்பம். எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரியும். பெயர்களைப் பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் முன்பே சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.