வெட்டவெளிக்கு உரிமையாளர் யார்?

கல் இல்லை, காரை இல்லை; உளி இல்லை, உலை இல்லை. ஆனாலும் பூங்காவின் நடுவே நிற்கிறது, பளபளக்கும் பலூன் நாய்! கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் தெரிகிறது. தாழ்த்தினால் வெறும் புல்தரை. விட்டலாச்சாரியா படக் காட்சியல்ல இது. 2017 அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நடந்தது.

ஸ்னாப்சாட் நிறுவனத்தார், ஜெஃப் கூன்ஸ் எனும் புகழ்பெற்ற சிற்பியின் நாயை அங்கே நிறுத்தினர். ஆக்மென்டட் ரியாலிட்டி என்பது அந்த வித்தையின் பெயர். செயற்கைக்கோள் இடத்தைச் சொல்ல, கேமரா தரையைப் பார்க்க, கைப்பேசிக்குள்ளிருக்கும் கருவி சாய்வைக் கணிக்க, இல்லாத பொருள் இருப்பதுபோல் எழுந்து நிற்கிறது. இவருடைய பலூன் நாய்ச் சிலை ஒன்று 2013-இல் 5 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சீமான் வீட்டுச் செல்லத்தைச் சாமானியனும் காசின்றிக் காணட்டுமே என்றால், நமக்கும் மகிழ்ச்சிதான்.

ஆனால் ஒருவர் குறுக்கே நின்றார். சிலி நாட்டில் பிறந்து நியூயார்க்கில் வாழும் செபாஸ்டியன் எர்ராசூரிஸ் என்ற கலைஞர், அதே நாயைத் தாமும் உருவாக்கி, உடலெல்லாம் தெருச்சுவர்க் கிறுக்கலைப் பூசி, அதே இடத்தில் நிற்பதாகக் காட்டினார். மக்கள் பூங்காவின் இடக்குறியை ஒரு நிறுவனம் வாடகையின்றி வளைத்துக்கொள்வதா என்பதே அவருடைய கேள்வி. நாமும் அதையே கேட்கிறோம். பூங்காவில் பந்தக்கால் நட அனுமதிச்சீட்டு வேண்டும். சுவரில் சுவரொட்டி ஒட்டினால் வழக்கு வரும். வெட்டவெளியில் கடை விரிப்போருக்கு மட்டும் கணக்கில்லையா?

"பிடிக்காவிட்டால் கைப்பேசியைச் சட்டைப்பையில் போடு" என்பார்கள். இன்று கைப்பேசி, மூக்குக்கண்ணாடியே திரையாகி வருகிறதே, அதை எந்தப் பையில் போடுவது? அந்தச் செயலியில் எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்று தீர்ப்பவன் வாயிற்காப்போன். அவனுக்குச் சம்பளம் தருவது மக்களல்ல!

அப்படியானால் அரசு பூட்டுப் போடட்டும் என்கிறோமா? இல்லை. 2016-இல் போக்கிமான் கோ ஆட்டக் கூட்டத்தால் பூங்காவொன்று திணறியதும், அமெரிக்காவின் மில்வாக்கி வட்டாரம், இத்தகைய ஆட்டங்களுக்கு அனுமதி கட்டாயம் என்றது. காப்பீடு, குப்பை அகற்றல், காவல் என்று நீண்டது பட்டியல். 2017 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம், பேச்சுரிமையைக் காட்டி அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சரியே செய்தது. அந்தப் பட்டியலை ஏழைக் கலைஞன் எப்படிச் சுமப்பான்? 2011-இல் வால் ஸ்ட்ரீட் போராட்டக்காரர்களைப் பங்குச்சந்தை வாசலில் அண்டவிடாமல் காவலர் தடுத்தபோது, மார்க் ஸ்க்வாரெக்கும் தோழர்களும் இதே வித்தையால்தான் அங்கே எதிர்ப்புச் சின்னங்களை நிறுத்தினார்கள். தடியால் அடித்து விரட்ட முடியாத ஊர்வலம் அது!

ஆகவே வியாபாரியையும் கலைஞனையும் ஒரே தராசில் நிறுக்காதீர். விளம்பரத்தோடு வருபவன் பூங்காவுக்கு வாடகை கொடுக்கட்டும். எளிய கலைஞனுக்கு வாசல் திறந்திருக்கட்டும்.

வடிவமைப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நண்பகல் வெயிலில் திரை தெரியாது, போய்ப் பாருங்கள். திரையில் கண்வைத்து நடப்பவன் படிக்கட்டில் உருளுவான். நின்று பார்க்கும்படி அமையுங்கள். மலிவான கைப்பேசியிலும் இயங்கட்டும். அதுவும் இல்லாதவனுக்கு, இங்கே இன்ன உருவம் நிற்கிறது, இன்னார் படைத்தது என்று ஒரு பலகையாவது நடுங்கள்.