நன்றிச் சீட்டும் சம்பளச் சீட்டும்

திருப்பூரில் ஒரு பேக்கிங் கூடத்து வாசலில், ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரை மணிக்கு வெளியே வந்த பெண் தொழிலாளர்களுடன் பேசிக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளர் கேட்கிற படத்தையும் பெயரையும் டி-ஷர்ட்டில் அச்சடித்து, தனித்தனிப் பெட்டியில் வைத்து, கூரியரில் வீட்டுக்கே அனுப்பும் கம்பெனி அது. அவர்களில் ஒரு சகோதரி நம்மைப் பார்த்துக் கேட்டார்:

“ஏனுங்ண்ணா, பொட்டிக்குள்ள வாங்கறவங்களுக்கு ‘உங்களுக்கு நன்றி’ன்னு சீட்டு வெக்கறோம். நாளைக்கு முந்நூறு சீட்டு வெக்கறோம். எங்களுக்கு மாசத்துக்கு ஒரே ஒரு சம்பளச் சீட்டுக் குடுங்கன்னா மட்டும் பேப்பர் இல்லீங்களா?”

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டிக்குக் கணக்கு உண்டு

இன்றைய வியாபார உலகில் ஒரு புதிய உபதேசம் பலமாக நடக்கிறது. டி-ஷர்ட் நன்றாக இருந்தால் மட்டும் போதாதாம். அது வந்து சேருகிற பெட்டியும் வாங்குபவர் மனதைக் கவர வேண்டுமாம். கம்பெனிப் பெயர் அச்சிட்ட அட்டைப் பெட்டி, உள்ளே மெல்லிய வழவழப்புத் தாள், அதன்மேல் வட்டமான ஒட்டுச் சீட்டு, கையால் எழுதியது போன்ற நன்றிச் சீட்டு, கொஞ்சம் வாசனை. இத்தனையும் இருந்தால், வாங்கியவர் பெட்டியைத் திறப்பதையே படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுவாராம். காசில்லாத விளம்பரம்!

இதை நாம் பரிகசிக்க வரவில்லை. பூக்காரம்மா மல்லிகைச் சரத்தை வாழையிலையில் பொதிந்து நாரால் கட்டிக் கொடுப்பதும் வாங்குகிறவர் மனம் குளிரத்தான். சரக்கு நனையாமல், கசங்காமல், அச்சு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் போய்ச் சேருவதற்கு நல்ல பொதி அவசியம். கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசைக் கொடுத்து வாங்குகிற உழைப்பாளியும் நல்ல சரக்கைத்தான் எதிர்பார்ப்பான். அதில் நமக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.

நமது ஆட்சேபணை வேறு. இந்த உபதேசிகள் அட்டைக்கு எவ்வளவு, தாளுக்கு எவ்வளவு, ஒட்டுச் சீட்டுக்கு எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். அந்தப் பெட்டியைக் கட்டுகிற கைக்கு எவ்வளவு? அந்த இடத்தில் மட்டும் பேனா நின்றுவிடுகிறது. பெட்டி தன்னைத்தானே கட்டிக்கொள்கிறதா என்ன?

கைக்குக் கணக்கு எங்கே?

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒரே படம் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றால், நீண்ட மேஜையில் துணியை வரிசையாக ஒட்டி, நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வைத்துச் சாயம் இழுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு படம் என்றால் அந்த முறை கட்டுபடியாகாது. ஆகவே படத்தை பிலிமில் அச்சடித்து, அதன்மேல் பசைத்தூளைத் தூவி உருக்கி, சட்டையின்மேல் வைத்துச் சூட்டு இயந்திரத்தில் அழுத்துகிறார்கள். சூடு 150 டிகிரியை ஒட்டி நிற்கும். அதன் எதிரே நாள் முழுவதும் நிற்பவனும் மனிதன்தான்.

பிறகு சட்டை பேக்கிங் மேஜைக்கு வருகிறது. தொங்குகிற நூலைப் பிசிறு வெட்ட வேண்டும். கறை இருக்கிறதா, அச்சு வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அச்சின்மேல் படாமல் இஸ்திரி போட வேண்டும். அட்டை வைத்து மடிக்க வேண்டும். தாளில் சுற்றி, ஒட்டுச் சீட்டைச் சரியாக நடுவில் ஒட்ட வேண்டும். நன்றிச் சீட்டு வைக்க வேண்டும். பெட்டியை மடித்து மூடி, விலாசச் சீட்டு ஒட்ட வேண்டும். ஆயிரம் சட்டையும் ஒரே மாதிரி என்றால் கை பழகிவிடும். இங்கே ஒவ்வொரு சட்டையும் வேறு படம், வேறு அளவு, வேறு விலாசம். கண்ணும் மூளையும் கையோடு சேர்ந்து ஓட வேண்டும். மதுரைக்குப் போக வேண்டிய பெட்டி மங்களூருக்குப் போய்விட்டால் ஏச்சும் பிடித்தமும் யாருக்கு? மேஜையில் நின்ற பெண்ணுக்குத்தான். இத்தனைக்கும் அவளுக்குக் கூடத்தில் வைத்திருக்கிற பெயர் ‘ஹெல்பர்’!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தாள், ஒட்டுச் சீட்டு, நன்றிச் சீட்டு, அலங்காரப் பெட்டி ஆகியவற்றால் ஒரு சட்டைக்கு ஒரே ஒரு நிமிஷம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு சட்டைக்கு முந்நூறு நிமிஷம். அதாவது 5 மணி நேரம்! இரண்டு பெண்கள் பங்கிட்டுக்கொண்டாலும் ஆளுக்கு இரண்டரை மணி. எட்டு மணி நேர வேலை பத்தரை ஆவது இப்படித்தான். வாங்குபவர் மனம் கவர்வதற்காக ஒரு நிமிஷம் கூடியபோது, அந்த நிமிஷத்துக்கு ஆளும் சேர்க்கவில்லை, கூலியும் சேர்க்கவில்லை என்றால், வாடிக்கையாளருக்கு அன்பளிப்புக் கொடுத்தது யார்? கம்பெனி அல்ல. அந்தப் பெண்தான்.

பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளில் தையலுக்கு நிமிஷக் கணக்கு உண்டு. கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு கை தைக்க இத்தனை நிமிஷம், ஒரு கழுத்து தைக்க இத்தனை நிமிஷம் என்று எழுதுகிறார்கள். தொழிலாளியை விரட்டுவதற்கு நிமிஷத்தை எண்ணத் தெரிகிறது. கூலி கொடுக்கிற நேரத்தில் மட்டும் எண்ணிக்கை மறந்துபோகிறது!

பழைய போராட்டம், புதிய பெட்டி

திருப்பூருக்கு இந்த வழக்குப் புதிதல்ல. 1984 இல் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? விலைவாசி ஏறுவதைக் கூலியில் கணக்கெடு என்பதுதான். நாலு மாதத்துக்கு மேல் பட்டினியோடு நின்றது அந்தக் கணக்குக்காக. இன்று திருப்பூரின் ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆயினும் பேக்கிங் மேஜையில் கூடிய ஒரு நிமிஷத்தை எழுதிக்கொள்ள நோட்டு இல்லை.

இந்தக் கூடங்களில் அதிகம் அச்சாகும் படங்களில் சே குவேராவின் படமும் ஒன்று. 1960 இல் ஹவானாவில் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த அதே புகைப்படம்தான். புரட்சிக்காரரின் முகத்தை மார்பில் அணிய ஆசைப்படும் இளைஞர்களை நாம் குறை சொல்லவில்லை. அந்த முகம் கசங்காமல் மடித்து வைத்த கைக்கு ஓவர்டைம் கிடைத்ததா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்கிறோம். சே இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

சிறு முதலாளி சொல்லும் பதில்

“நாங்கள் கோடீஸ்வரர்கள் அல்ல. கடன் வாங்கி ஒரு இயந்திரம் போட்டு, நாலு பேரை வைத்துப் பிழைக்கிறோம். ஆன்லைன் கம்பெனி கமிஷன் பிடிக்கிறது. பிடிக்கவில்லை என்று சட்டையைத் திருப்பி அனுப்பினால் நஷ்டம் எங்கள் தலையில் விழுகிறது. பெட்டி அழகாக இல்லாவிட்டால் போட்டியில் நிற்க முடியாது” என்று சிலர் சொல்கிறார்கள்.

இது வாஸ்தவம். அவர்களில் பலர் நேற்றுவரை டெய்லராக இருந்தவர்கள். அவர்களை நசுக்குகிற பெரிய கைகளை நாமும் அறிவோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். அட்டைப் பெட்டி வியாபாரியிடம் “போட்டி அதிகம், பெட்டியைச் சும்மா கொடு” என்று கேட்பீர்களா? கேட்கமாட்டீர்கள். அவர் பில்லைப் பார்த்து, அந்தப் பணத்தைச் சட்டை விலையில் சேர்க்கிறீர்கள். மடிக்கிற கையின் நிமிஷத்தையும் அப்படியே சேருங்கள். அது கட்டாது என்றால் நன்றிச் சீட்டையும் வாசனையையும் நிறுத்துங்கள். தொழிலாளியின் இரவுச் சாப்பாட்டு நேரத்தை எடுத்து அலங்காரம் பண்ண வேண்டாம்.

நாம் கேட்பது

நாம் கேட்பது ஆகாயத்துச் சந்திரனை அல்ல. எல்லாம் ஏற்கெனவே சட்டத்தில் எழுதியிருப்பவைதான்.

சம்பளச் சீட்டு தர வேண்டும் என்பது சட்டம். தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றபோதும் மத்திய சர்க்கார் 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. அவற்றில் ஒன்றான ஊதியத் தொகுப்பிலும் சம்பளச் சீட்டு முதலாளியின் கடமை என்றே இருக்கிறது. சாதாரண நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டைக் கூலி என்றும் இருக்கிறது. ஆகவே “ஒன்றரை ஷிப்ட்” என்று பெயர் வைத்து, எட்டு மணிக்கு மேற்பட்ட நாலு மணி நேரத்தை அரை ஷிப்ட் கூலிக்கு வாங்கிக்கொள்வது நியாயமும் அல்ல, சட்டமும் அல்ல.

உட்கார இருக்கை வேண்டும். கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021 இல் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. ஒட்டுச் சீட்டு ஒட்டுவதற்கும் நன்றிச் சீட்டு வைப்பதற்கும் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டிய அவசியம் என்ன?

பேக்கிங்கில் ஒரு புதிய வேலை சேரும்போது, அதற்கு எத்தனை நிமிஷம் என்று தொழிலாளர் முன்னிலையில் கணக்கெடுத்து, அதற்கேற்ப ஆளையோ கூலியையோ கூட்ட வேண்டும். இது ஒன்றுதான் நமது புதிய கோரிக்கை.

சட்டத்தில் எழுதியிருப்பது தானாக மேஜைக்கு வராது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்குக் கதவைத் திறக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி எதிர்த்தன. அந்த மே தினத்தன்றே அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. யூனியன் இருக்கிற இடத்தில் நடந்தது அது. இந்தச் சின்னக் கூடங்களிலோ பத்துப் பேர், இருபது பேர்தான் இருக்கிறார்கள். தமிழ்ப் பெண்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் ஒரே மேஜையில் நிற்கிறார்கள். யூனியன் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பெரிய மில் வாசலில் கூட்டம் போடத் தெரிந்த நாம், சந்துக்குள் இருக்கும் கூடத்தின் கதவைத் தட்டத் தயங்கிவிட்டோம். தவறு நம்முடையது. அதைத் திருத்த வேண்டியதும் நாம்தான்.

டி-ஷர்ட் வாங்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை பெட்டியைத் திறந்து நன்றிச் சீட்டைப் படிக்கும்போது, அனுப்பிய கம்பெனிக்கு இரண்டு வரி எழுதுங்கள்: “பெட்டி அழகாக இருக்கிறது. இதைக் கட்டியவருக்குச் சம்பளச் சீட்டுக் கொடுத்தீர்களா?” நூறு பேர் எழுதினால் கம்பெனி யோசிக்கும். அதற்குள் கூடத்திலிருக்கும் இருபது பேரும் ஒன்றாகக் கேட்டால், பேப்பர் தானே கிடைக்கும்!